தாய் நாலு, குட்டி ஏழு

"கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?"

சேர்மத்துரை இதைக் கேட்டபோது நகுதா நெய்னா முகம்மது மணலில் உட்கார்ந்து கிழிந்த பாயைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசி நிற்கவில்லை.

"எதுல அண்ணாச்சி?"

சேர்மத்துரை சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே நான்காக மடித்த தாள். மகள் நவமணி கப்பல் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தாள். முதல் பயணம் பதினொரு மாதம். அவளுக்குப் பதினேழு வயது ஐந்து மாதம் என்பதால் தகப்பன் கையெழுத்து வேண்டும். இருபதாம் தேதிக்குள் தாள் சென்னைக்குப் போய்ச் சேர வேண்டும். அன்று தேதி பதினான்கு.

"புள்ள என்ன சொல்லுது?"

"போகணும்கிறா."

"புள்ளையோட அம்மா?"

"போகட்டும்ங்கிறா. நான்தான் யோசிக்கேன்."

நகுதா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நாளைக்குக் காலையில மூணு பேரும் படகுல ஏறுங்க. மூணு நாள். இறங்கும்போது இதையே திரும்பக் கேளுங்க."

நகுதா என்பது பாய்மரப் படகை ஓட்டுகிறவருக்குச் சொல்லும் பெயர். நெய்னா முகம்மது பதினாறு வருடம் சரக்குத் தோணியில் ஓடியவர். இப்போது தொண்டிக்குத் தெற்கே ஒரு சிறிய துறையில், விடுமுறைக்கு வருகிற குடும்பங்களைத் தன் படகில் கூட்டிப் போய் வந்துகொண்டிருந்தார். படகின் நீளம் இருபத்தாறு அடி. ஒரு மரம், ஒரு பாய். இயந்திரம் கிடையாது. வருகிறவர்கள்தான் கயிறு இழுக்க வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும்.

நகுதாவுக்கு நாற்பத்து நான்கு வயது. சேர்மத்துரைக்கு ஐம்பத்திரண்டு. தன்னைவிட எட்டு வயது சின்னவரைப் போய்க் குரு என்கிறாரே என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சேர்மத்துரை வருவதை நிறுத்தவில்லை. வருடத்துக்கு ஒரு கேள்வியோடு அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வருவார். இது ஆறாவது கேள்வி. முதல் ஐந்துக்கும் நகுதா நேராகப் பதில் சொல்லவில்லை. சேர்மத்துரையும் ஒரு தடவைகூடப் படகில் கால் வைக்கவில்லை.

அவர் லாரி எடைமேடை வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக லாரிகளை நிறுத்துச் சீட்டுக் கொடுத்து வந்தார். எடை தெரியாத எதையும் அவர் நம்புவதில்லை. நவமணி பிறந்த அன்று இரண்டு கிலோ அறுநூறு. அதை ஒரு குறிப்பேட்டில் எழுதினார். அதன் பிறகு மாதம் தவறவில்லை. இந்தச் சித்திரையோடு இருநூற்றுப் பத்து எடைகள். கடைசி எடை நாற்பத்தேழரை.

கப்பலில் அவளை யார் நிறுத்துப் பார்ப்பார்கள் என்று மனைவி கனியம்மாளிடம் கேட்டார்.

"ஏங்க, அவ என்ன சிமெண்டு மூட்டையா?" என்றாள் கனியம்மாள்.

*

பதினைந்தாம் தேதி காலை ஆறரை மணிக்கு ராத்திரி பஸ்ஸில் கிளம்பி மூன்று பேரும் துறைக்கு வந்தார்கள். சேர்மத்துரை தோளில் ஒரு எடை மிஷின் இருந்தது.

முதலில் மூன்று பேரும் ஒவ்வொருவராக அதில் ஏறி நின்றார்கள். பிறகு இரண்டு தண்ணீர்க் குடம், அரிசி, ஸ்டவ், நங்கூரம், படகின் அடியில் பாரத்துக்கு வைக்கும் ஒன்பது மணல் மூட்டை. கடைசியில் நகுதாவையும் ஏறச் சொன்னார். நகுதா செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக ஏறி நின்றார். அறுபத்தாறு.

சேர்மத்துரை கணக்குப் போட்டுப் படகின் பலகைகளில் சாக்பீஸால் கோடு போட்டார். இன்னார் இங்கே, இன்ன சாமான் இங்கே.

"எல்லாத்தையும் நிறுத்தாச்சா?" என்றார் நகுதா.

"ஆச்சு."

"காத்து எத்தனை கிலோ அண்ணாச்சி?"

நவமணி வாயைப் பொத்திக்கொண்டாள். சேர்மத்துரை சாக்பீஸைப் பையில் போட்டார்.

அந்தப் படகில் ஒரு நீண்ட பலகை குறுக்கே கிடந்தது. காற்று வருகிற பக்கம் அதை வெளியே நீட்டிக் கட்டுவார்கள். பாயில் காற்று ஏறிப் படகு சாயும்போது, ஒரு ஆள் அந்தப் பலகையின் நுனிக்குப் போய்க் கடலின் மேல் உட்கார வேண்டும். அவர் பாரத்தில் படகு நிமிரும். காற்று விழுந்தால் உடனே உள்ளே வந்துவிட வேண்டும். தாமதித்தால் படகு அந்தப் பக்கமே கவிழப் பார்க்கும்.

நால்வரில் கனத்தவர் சேர்மத்துரை. எழுபத்தெட்டு. பலகை அவருக்கு வந்தது. அதிலும் ஒரு கோடு போட்டார்.

"ஒண்ணுதான் அண்ணாச்சி," என்றார் நகுதா. "பலகையில இருக்கிறவர் பாயைப் பார்க்கணும். சுக்கானைப் பார்க்கக் கூடாது."

"சுக்கான் யாருக்கு?"

நகுதா நவமணியைப் பார்த்தார். "வா மகளே."

நகுதா எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டியிருந்தார்; சேர்மத்துரை மகளுடைய வாரை இன்னொரு தரம் இறுக்கினார்.

பாய் ஏறியது. ஒரு தடவை படபடத்தது, பிறகு சத்தமில்லாமல் நிறைந்தது. யாரோ பின்னாலிருந்து மெல்லத் தள்ளியதைப்போல் படகு கிளம்பியது. கரை ஒரு கயிறு தடிமனுக்கு வந்தது. பிறகு நூல். பிறகு அதுவும் இல்லை.

சேர்மத்துரை பலகையில் உட்கார்ந்து நான்கு பக்கமும் பார்த்தார். எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும், எடைமேடையில் லாரிகளை ஏற்றி நிறுத்துகிற பழக்கத்தில் வாய் திறந்தது.

"வரட்டும், வரட்டும். லேசா வலது. இன்னும் ஒடி. ஒடி, ஒடி. ஹோல்டேய்!"

"அப்பா, இது லாரி இல்ல."

"எதுவானா என்ன? முன்னால பார்த்து ஓட்டு."

"நான் முன்னாலதான் பார்க்கேன். நீங்கதான் பின்னால பார்க்கீங்க."

கனியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிச் சிரித்தாள். நகுதா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஒரு மணல் திட்டில் படகைக் கட்டும்வரை சேர்மத்துரை அறுபத்து மூன்று தடவை ஹோல்டேய் சொல்லியிருந்தார். எண்ணியது கனியம்மாள்.

*

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் காற்று நின்றுவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. கடல் கண்ணாடி ஆயிற்று. இரண்டு ஆள் ஆழத்தில் தரை தெரிந்தது. தரை முழுக்கக் கடல் புல். வயலில் நாற்று அசைவதுபோல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"எப்ப கிளம்பும்?" என்றார் சேர்மத்துரை.

"காத்து வந்தா."

"எப்ப வரும்?"

நகுதா பதில் சொல்ல வாய் திறந்தார். மூடினார். விரலை உதட்டில் வைத்தார்.

நனைத்த போர்வையை உதறியதுபோல் ஒரு சத்தம் கேட்டது. படகுக்குப் பத்தடியில் தண்ணீர் பிளந்து ஒரு சாம்பல் நிற முதுகு மேலே வந்தது. மூக்கின் இரண்டு துளைகள் திறந்து மூச்சை விட்டன, இழுத்தன, மூடிபோட்டதைப்போல் மூடிக்கொண்டன. பக்கத்திலேயே ஒரு சின்ன மூக்கு. அதுவும் அப்படியே செய்தது. இரண்டும் இறங்கின.

"ஆவுளியா," என்றார் நகுதா, உதடு மட்டும் அசைய. "கடல் பசு. குட்டி போட்டிருக்கு."

கீழே தாய் புல்லில் முகத்தைப் பதித்து மேய்ந்தது. அது மேய்ந்த இடத்தில் சேறு புகைபோல எழும்பியது. எட்டடிக்குக் குறையாது. அவ்வளவு பெரிய உடம்பு அங்கே இருப்பதில் கடலுக்கு ஒரு சிரமமும் இல்லை. குட்டி அதன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

பிறகு குட்டி மட்டும் பிரிந்து மேலே வந்தது. நேராகப் படகின் ஓரத்துக்கே வந்தது. கையை நீட்டினால் தொட்டிருக்கலாம். நவமணி கையை நீட்டவில்லை. குட்டி மூச்சு விட்டதில் அவள் கன்னத்தில் துளிகள் தெறித்தன. அது தாயிடம் இறங்கியது. தாய் தலை தூக்கவில்லை. மேய்ந்துகொண்டே இருந்தது.

சேர்மத்துரை பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கோடு இழுத்தார். தாய்க்கு ஒரு வரிசை, குட்டிக்கு ஒரு வரிசை.

இருபது நிமிடம் இருக்கும். நிழல் இரண்டும் புல்லின் மேல் நழுவிப் போய் ஆழத்தில் கலந்தன. கனியம்மாளின் கைகள் கும்பிட்டபடி இருந்தன. நவமணி கன்னத்தைத் துடைக்கவில்லை. காலையிலிருந்து மகளின் மிதவைச் சட்டை வாரைப் பிடித்துக்கொண்டிருந்த கையை எப்போது விட்டோம் என்று சேர்மத்துரைக்குத் தெரியவில்லை.

"மறுபடி வருமா நகுதா?"

"தெரியாது. இத்தனை வருஷத்துல நான் பார்த்ததே இது மூணாவது தடவை."

பிறகு சேர்மத்துரை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அந்தக் குட்டி எத்தனை கிலோ இருக்கும்?"

"மிஷினைக் குடுங்க," என்றார் நகுதா. "இறங்கி நிறுத்துட்டு வாரேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சேர்மத்துரையும் சிரித்தார். குறிப்பேட்டில் எழுதினார்: தாய் 4. குட்டி 7.

*

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்குத் தெற்கிலிருந்து சோழகக் காற்று எழும்பியது. கரைக்கு இன்னும் ஆறு மைல். பாய் புடைத்துப் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. சேர்மத்துரை பலகைக்குப் போனார். சாக்பீஸ் கோட்டில் உட்கார்ந்தார். கீழே தண்ணீர் சீறிக்கொண்டு ஓடியது. படகு இதுவரை ஓடாத வேகத்தில் ஓடியது.

அவருக்குப் பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. உடனே மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"சுக்கானை இறுக்கிப் பிடி! ரெண்டு கையாலயும்!"

"பிடிச்சிருக்கேன்பா. பாயைப் பாருங்க!"

"நீ முன்னால பாரு!"

"அப்பா, காத்து விழுது. உள்ள வாங்க. அப்பா, உள்ள!"

பாய் தளர்ந்ததை அவர் பார்க்கவில்லை. எழுபத்தெட்டு கிலோவும் கோட்டிலேயே இருந்தது. படகு அவர் பக்கமாகச் சாய்ந்தது. பலகை தண்ணீருக்குள் போய் மேலே வந்தபோது அதில் ஆள் இல்லை.

மிதவைச் சட்டை அவரை மேலே தூக்கியது. இருமினார். கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது அடுத்த காற்று வந்துவிட்டிருந்தது. படகு போய்க்கொண்டிருந்தது.

நவமணியின் முதுகு தெரிந்தது. அவள் திரும்பவில்லை.

"நவமணீ!"

காற்று சத்தத்தை வேறு பக்கம் கொண்டுபோயிற்று. அவர் எண்ணத் தொடங்கினார். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. ஐம்பதில் பாய் ஒரு கைக்குட்டை அளவு ஆனது. எண்பதில் அவள் தலை எது, சுக்கான் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நூற்றுப் பன்னிரண்டிலும் படகு போய்க்கொண்டே இருந்தது. எண்ணிக்கை அங்கே நின்றுவிட்டது.

அவரைச் சுற்றிக் கடல் இருந்தது. மேலே வானம் இருந்தது. நடுவில் அவர் ஒரு கடுகு அளவுகூட இல்லை. அவ்வளவு பெரிய ஒன்றின் மேல் அவ்வளவு சின்ன ஒரு வெள்ளைப் பாய். அதை ஓட்டுவது தன் வீட்டில் பிறந்தது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. பதினேழு வருடத்தில் அவளை இவ்வளவு தூரத்திலிருந்து அவர் பார்த்ததே இல்லை.

அப்போது பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சென்றது. படகு பெரிய வட்டமாகத் திரும்பியது. வெளியே நீண்ட பலகையில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. கனியம்மாள்.

படகு அவரைத் தாண்டிக் காற்று போகிற பக்கமாகப் போய், காற்றுக்கு முகம் காட்டித் திரும்பியது. பாய் படபடத்து வேகம் இறங்கியது. அவருடைய தோளுக்கு இரண்டடி தள்ளி, கட்டிப்போட்டதைப்போல் நின்றது.

நகுதா குனிந்து அவரை அக்குளில் பிடித்துத் தூக்கினார். சேர்மத்துரை படகின் தரையில் கிடந்து உப்புத் தண்ணீரைக் கக்கினார்.

"ஏன் நேரா வரல?" முதலில் வந்த பேச்சு அதுதான்.

நவமணி சுக்கானை விடவில்லை.

"நேரா வந்தா படகு நிக்காதுப்பா. உங்க மேலேயே ஏறிடும்."

கனியம்மாள் பலகையிலிருந்து உள்ளே வந்து, அவர் தலையைத் துவட்டிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள்.

"உங்க மக எனக்கு உத்தரவு போட்டா. 'அம்மா, பலகைக்குப் போ'ன்னா. நானான்னேன். நீதான்னா. போயி உட்கார்ந்தேன். கோடு இல்லாமத்தான் உட்கார்ந்தேன், கேட்டுக்கோங்க."

"நகுதா என்ன செஞ்சார்?"

"தம்பி, சுக்கானைப் பிடிங்கன்னு நான் கத்துறேன். அவர் நடுப்பலகையில உட்கார்ந்து ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கிட்டார். கடைசிவரைக்கும் எடுக்கல."

சேர்மத்துரை நகுதாவின் கைகளைப் பார்த்தார். புறங்கை இரண்டிலும் பலகையின் வரிகள் ஆழமாகப் பதிந்து, ஒரு இடத்தில் தோல் பிய்ந்திருந்தது. நகுதா கைகளைத் தண்ணீரில் அலசிவிட்டுப் பாய்க் கயிற்றைப் பிடிக்கப் போனார்.

கரை வரைக்கும் மிச்சத் தூரம் முழுக்கச் சேர்மத்துரை பலகையில் இருந்தார். ஹோல்டேய் சொல்லவில்லை. தண்ணீர் பட்டுக் கோடு அழிந்திருந்தது. காற்று ஏறியபோது வெளியே போனார், விழுந்தபோது உள்ளே வந்தார். எத்தனை தடவை என்று பிறகு கேட்டிருந்தால் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

*

ஐந்து மணிக்குப் படகு மணலில் முட்டியது. நவமணி குதித்து இறங்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். கனியம்மாள் எடை மிஷினைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் குலுங்கியது.

நகுதா இன்னும் பாயை இறக்கவில்லை. அது சும்மா அசைந்துகொண்டிருந்தது.

சேர்மத்துரை படகின் விளிம்பில் உட்கார்ந்து பிளாஸ்டிக் உறையைப் பிரித்தார். ஒரு மூலையில் மட்டும் ஈரம். தாளைத் தொடையில் விரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார். கை அங்கேயே நின்றது.

"இறங்கும்போது கேட்கச் சொன்னீங்க நகுதா."

"கேளுங்க."

"பதினொரு மாசம். அவளுக்கு ஒண்ணுன்னா நான் பக்கத்துல இருக்க மாட்டேன். போடட்டுமா, வேண்டாமா?"

நகுதா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து நோட்டுல என்ன எழுதினீங்க?"

"தாய் நாலு. குட்டி ஏழு."

"ரெண்டும் சேர்ந்து வந்தது?"

"நாலு தடவை."

"பாக்கி?"

"மூணு."

"அந்த மூணு தடவையும் குட்டியை மேலே கூட்டிக்கிட்டு வந்தது யாரு?"

மேட்டில் நவமணி கயிற்றை முளையில் கட்டிவிட்டு, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

சேர்மத்துரை மகள் பக்கம் திரும்பவில்லை. தாள் தொடையில் விரிந்திருக்க, திறந்த பேனாவோடு, பலகையில் இருக்கிறவரைப்போல் பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.